கொடுத்தவனுக்கும் பொறுப்பு உண்டு

2025 நவம்பர் கடைசியில் இலங்கையைப் புரட்டிப்போட்ட டிட்வா புயல், வலுவிழந்த பிறகும் கலையவில்லை. சென்னைக்கு எதிரே கடலில் நின்றுகொண்டு டிசம்பர் முதல் நாட்களில் கொட்டித் தீர்த்தது. மழை விட்ட பிறகு ஒரு மாலை பட்டினப்பாக்கம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம், நானும் எங்கள் குடியிருப்பில் இருக்கும் பெரியவர் ஒருவரும். வங்கி மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். அங்கே 600 பேருக்குமேல் செத்திருக்கிறார்கள், மலையகத்தில் சரிவுகள் வீடுகளோடு இறங்கியிருக்கின்றன, இந்த நிலையிலாவது வெளிக்கடன் தவணையை நிறுத்திவைக்க வேண்டாமா என்று கேட்டேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

“பாவம்தான். ஆனா கடன் வேற, கஷ்டம் வேற தம்பி. வாங்கினவன் கட்டித்தான் ஆகணும். ஒருத்தனுக்குத் தள்ளிவிட்டா நாளைக்கு எவனும் கட்டமாட்டான்.”

இதை அவர் மட்டும் சொல்லவில்லை. 2022-இல் இலங்கை திவாலானபோது நம் தொலைக்காட்சி விவாதங்களும் நாளிதழ்த் தலையங்கங்களும் பெரும்பாலும் இதைத்தான் சொல்லின. ஏழை நாடு கடனில் மூழ்கினால் அது அந்த நாட்டின் ஊதாரித்தனம். தள்ளுபடி கேட்பது ஒழுக்கக்கேடு. வயிற்றைக் கட்டியாவது அடைப்பதே மானம். படித்தவர்களிடம் இந்தக் கருத்து ஏறக்குறைய வேதம்போல் ஆகிவிட்டது. இது தவறு என்று நான் நினைக்கிறேன். தவறான கருத்து வெறுமனே காற்றில் இருந்தால் விட்டுவிடலாம். இந்தக் கருத்து மருந்தில்லாமல் ஆட்களைச் சாகவிட்டிருக்கிறது.

அண்ணனின் தொழிலிலிருந்தே தொடங்குகிறேன். கடன் கேட்டு வருகிறவரின் வருமானம், சொத்து, பழைய கணக்கு எல்லாம் பார்த்துத்தான் அவர் கையெழுத்துப் போட்டிருப்பார். நிச்சயமாகத் திரும்பி வரும் என்றால் வட்டி குறைவு. சந்தேகம் என்றால் வட்டி அதிகம். அந்த அதிகப்படி வட்டி எதற்கு? திரும்பி வராமல் போகக்கூடிய ஆபத்துக்கு முன்கூட்டியே வாங்கிக்கொள்ளும் விலை அது. 2007 அக்டோபரில் இலங்கை முதன்முதலாக உலகச் சந்தையில் டாலர் கடன்பத்திரம் விற்றது. தொகை 50 கோடி டாலர், காலம் 5 ஆண்டு, வட்டி 8.25 சதவீதம். அப்போது அமெரிக்க அரசின் பத்தாண்டுப் பத்திரம் தந்த வட்டி சுமார் 4.5 சதவீதம்தான். நடுவில் இருக்கும் கிட்டத்தட்ட 4 சதவீதம், “இந்த நாடு கட்டாமலும் போகலாம்” என்று தெரிந்தே கொடுத்தவர்கள் வைத்த விலை. ஆண்டுதோறும் அந்த விலையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டவர்கள், ஆபத்து உண்மையாகவே வந்து நின்றபோது “எங்களுக்கு ஒரு காசு குறையக்கூடாது” என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

வங்கிக்காரர்கள் தங்கள் ஊருக்குள் இப்படிச் சொல்வதில்லை. வாராக்கடன் என்று ஒரு தலைப்பு ஒவ்வொரு வங்கியின் கணக்கிலும் இருக்கிறது. ஒரே தவணையில் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டு (ஓ.டி.எஸ்.) கணக்கை முடிப்பது அவர்களுடைய அன்றாட வேலை. 2016-இல் வந்த நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தின்படி தீர்க்கப்பட்ட நிறுவனங்களில், ஒப்புக்கொள்ளப்பட்ட பாக்கியில் சராசரியாக மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் கடன் கொடுத்தவர்களுக்குத் திரும்பி வந்திருக்கிறது. மீதி மூன்றில் இரண்டு பங்கு போனது போனதுதான். அதற்கு ‘தீர்வு’ என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தத் தொழிலதிபர்கள் வயிற்றைக் கட்டவேண்டும் என்று யாரும் தலையங்கம் எழுதவில்லை. ஒரு கம்பெனிக்குப் பொருந்தும் நியாயம் இரண்டேகால் கோடி மக்கள் வாழும் தீவுக்கு மட்டும் ஏன் ஒழுக்கக்கேடாக மாறுகிறது?

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். நான் வழக்கமாக மீன் வாங்கும் அக்கா, தண்டல் நோட்டை மடியில் செருகி வைத்திருப்பார். பத்தாயிரம் தண்டல் என்றால் கையில் வருவது எட்டாயிரத்து ஐந்நூறு. ஆயிரத்து ஐந்நூறு அங்கேயே பிடித்தம். பிறகு நாளுக்கு நூறு ரூபாய், நூறு நாள். கடல் கொந்தளித்துப் படகு இறங்காத வாரத்திலும், மீன்பிடித் தடைக்காலத்திலும், மாலையில் தண்டல்காரர் வந்து நிற்பார். பத்து நாள் விட்டுப்போனால் இன்னொருவரிடம் தண்டல் எடுத்து முதலாமவரை அடைக்க வேண்டும். “புதுசு வாங்கித்தான் பழசை மூடுறேன்” என்று அவர் சொல்வதுபோலத்தான் கொழும்பும் செய்தது. 2019-இல் மட்டும் மார்ச்சில் 240 கோடி டாலர், ஜூனில் 200 கோடி டாலர் எனப் பத்திரங்கள் விற்றார்கள். பழைய பத்திரங்கள் முதிர்ந்துகொண்டே வந்தன, புதியவை இல்லாமல் அவற்றை அடைக்க வழியில்லை. தண்டல் வாங்கும் அக்காவை யாரும் ஊதாரி என்று சொல்லமாட்டோம். தண்டல்காரரின் வட்டியைப் பற்றித்தான் பேசுவோம். நாடு என்று வந்ததும் இந்தப் பார்வை தலைகீழாகிவிடுகிறது.

ஒரு வேறுபாடும் உண்டு, அதுவும் நாட்டுக்குப் பாதகமானது. அக்கா ரூபாயில் சம்பாதித்து ரூபாயில் கட்டுகிறார். இலங்கை ரூபாயில் வரி வாங்கி டாலரில் கட்ட வேண்டும். டாலர் வருவது தேயிலையிலிருந்து, ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து, வளைகுடாவில் வேலை செய்யும் பெண்கள் அனுப்பும் பணத்திலிருந்து, சுற்றுலாவிலிருந்து. 2019 ஏப்ரலில் ஈஸ்டர் நாளில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் குண்டு வெடித்தது. மறு ஆண்டு கொரோனா. சுற்றுலா படுத்துவிட்டது. தவணைத் தேதி நகரவில்லை.

இலங்கையை ஆண்ட ராஜபக்ச குடும்பத்தின் தவறுகளை நான் மறைக்கவில்லை. 2019 கடைசியில் கோட்டாபய ராஜபக்ச ஆட்சிக்கு வந்ததும் மதிப்புக் கூட்டு வரியை 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைத்தார். வேறு வரிகளையும் நீக்கினார். நாட்டு உற்பத்தியில் 12 சதவீதத்துக்குமேல் இருந்த அரசு வருவாய் இரண்டே ஆண்டில் 9 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2021-இல் ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடைசெய்து விவசாயத்தை முறித்தார்; சில மாதங்களில் தடையை விலக்கும்போது ஒரு போகம் போயிருந்தது. விமானம் வராத விமான நிலையம் மத்தலவில் இருக்கிறது. இவையெல்லாம் குற்றங்கள், அவற்றைச் செய்தவர்களுக்குப் பெயர் உண்டு. ஆனால் ‘வாங்கினவன் கட்டணும்’ என்ற வாக்கியத்தில் வரும் அந்த ‘வாங்கினவன்’ யார்? கையெழுத்துப் போட்டவர்களா, அவர்களுடைய நாட்டில் பிறந்துவிட்ட எல்லோருமா?

2007-க்குத் திரும்பிப் போவோம், தமிழர்கள் நின்று யோசிக்கவேண்டிய இடம் அது. அந்த முதல் பத்திரம் விற்கப்பட்டபோது போர் நடந்துகொண்டிருந்தது. அன்றைய எதிர்க்கட்சியான ஐக்கிய தேசியக் கட்சி அந்தக் கடனை எதிர்த்தது. வரப்போகும் அரசு இதைக் கட்டக் கடமைப்பட்டதல்ல என்று விற்றுக்கொடுக்கும் வங்கிகளை எச்சரித்தது. எச்சரிக்கை பகிரங்கமாக இருந்தது, போர் உலகச் செய்தியாக இருந்தது, ஆனாலும் பத்திரங்கள் விற்றுத் தீர்ந்தன. சாலைக்கும் உட்கட்டமைப்புக்கும் என்றுதான் சொல்லி வாங்கினார்கள். சாலைக்கு வெளியிலிருந்து பணம் வந்தால் உள்ளூர் வரிப்பணம் வேறு செலவுக்கு விடுபடும் என்பது எந்த வீட்டுக் கணக்குக்கும் தெரிந்த உண்மை. அந்த வேறு செலவு வன்னியில் என்ன செய்தது என்று நான் இங்கே விளக்கத் தேவையில்லை. இன்று முல்லைத்தீவில் சோப்பு வாங்கும் ஒரு விதவை அந்தக் காலத்துக் கடன்களின் தொடர்ச்சிக்கும் சேர்த்துத்தான் வரி கட்டுகிறார். அவரிடம் போய் ‘வாங்கினவன் கட்டணும்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இனி 2022 ஜனவரி 18. இந்தக் கட்டுரையை எழுதவைத்த தேதி அதுதான். அன்று முதிர்ந்த 50 கோடி டாலர் பத்திரத்தை இலங்கை முழுதாக அடைத்தது. கையிருப்பு கரைந்துகொண்டிருந்தது, பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசைகள் தொடங்கிவிட்டன, இதைக் கட்டாதீர்கள், மக்களுக்கு உணவும் மருந்தும் வாங்க வைத்துக்கொள்ளுங்கள் என்று அந்த நாட்டுப் பொருளியலாளர்கள் கெஞ்சினார்கள். மத்திய வங்கி கேட்கவில்லை. நாங்கள் ஒருநாளும் தவணை தவறியதில்லை என்ற பெருமையைக் காப்பாற்றினார்கள். அதாவது நம் அண்ணன் சொல்லும் அந்த ஒழுக்கத்தை அப்படியே கடைப்பிடித்தார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். மார்ச்சில் எரிபொருள் வரிசையில் நின்ற முதியவர்கள் அங்கேயே சுருண்டு விழுந்து இறந்தார்கள். அச்சடிக்கக் காகிதம் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் தேர்வுகள் தள்ளிப்போயின. பேராதனைப் போதனா மருத்துவமனை, மருந்தில்லாமல், திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளை நிறுத்தியது. மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரத்தைத் தொட்டது. மார்ச் 22 அன்று 16 பேர், கைக்குழந்தையோடு, படகில் ராமேஸ்வரம் கரைக்கு வந்து சேர்ந்தார்கள். போர் முடிந்து 13 ஆண்டுகளுக்குப் பிறகு மண்டபம் அகதி முகாமின் கதவு பசிக்காகத் திறந்தது. ஏப்ரல் 12 அன்று, எல்லாம் வற்றிய பிறகு, வெளிக்கடன் செலுத்துவதை நிறுத்துகிறோம் என்று கொழும்பு அறிவித்தது.

அப்போது தமிழ்நாடு உதவியது. சட்டமன்றத்தில் தீர்மானம் போட்டு 40,000 டன் அரிசி, 500 டன் பால்மாவு, 137 வகை மருந்துகள் என 123 கோடி ரூபாய்க்கு அனுப்பினோம். முதல் கப்பல் மே 18 அன்று, நான் நடக்கும் இதே கடற்கரைக்கு வடக்கே, சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பியது. நம் அரசு செய்த நல்ல காரியங்களில் ஒன்றாக இதை நான் எண்ணுகிறேன். 123 கோடி ரூபாயை அன்றைய விலையில் டாலராக்கினால் சுமார் 1.6 கோடி டாலர் வரும். ஜனவரியில் ஒரே நாளில் பத்திரக்காரர்களுக்குப் போனது 50 கோடி டாலர். ஏழு கோடிப் பேர் வாழும் ஒரு மாநிலம் மனமுவந்து அனுப்பிய அரிசி, பால், மருந்து அத்தனையையும் முப்பது தடவை அனுப்பியிருக்கலாம் அந்தப் பணத்தில். நாம் கொடுத்ததைச் செய்தித்தாள்களில் படங்களோடு பார்த்தோம். அங்கிருந்து போனதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டோம்.

இந்த இடத்தில் நம் ஊர் விவாதங்களில் தவறாமல் ஒருவர் ‘சீனக் கடன் பொறி’ என்பார். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீனா கடனுக்காகப் பறித்துக்கொண்டது என்பார். 2017-இல் அந்தத் துறைமுகம் சீன நிறுவனத்துக்கு 99 ஆண்டு குத்தகைக்குப் போனது உண்மை. கைக்கு வந்தது 112 கோடி டாலர். அந்தப் பணம் சீனக் கடனை அடைக்கப் போகவில்லை. அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது, காரணம் டாலர் பத்திரங்களின் தவணைகள் நெருக்கின. சீனாவுக்குத் தரவேண்டியது பெரிய தொகைதான். ஆனால் பத்திரக்காரர்களுக்குத் தரவேண்டியது அதைவிடப் பெரியது, சுமார் 1,250 கோடி டாலர், அதன் வட்டியும் அதிகம். நமக்குச் சீனாவைப் பிடிக்காது என்பதற்காக நியூயார்க்கிலும் லண்டனிலும் இருக்கும் நிதி நிறுவனங்களைக் கண்ணில் படாமல் வைத்துக்கொள்வது நேர்மையில்லை.

சரி, தள்ளுபடியே நடக்கவில்லையா என்றால், நடந்தது. எப்படி நடந்தது, யார் தலையில் விடிந்தது என்று பார்த்தால்தான் ‘ஒழுக்கம்’ என்ற சொல்லின் அர்த்தம் புரியும். 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் (ஐ.எம்.எஃப்.) சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 1965-இலிருந்து கணக்கிட்டால் அந்த நாட்டுக்கு அது பதினேழாவது திட்டம். நிபந்தனைப்படி முதலில் உள்நாட்டில் கழிக்கச் சொன்னார்கள். உள்நாட்டில் யார் அகப்பட்டார்கள்? வங்கிகளுக்கு விலக்கு. ஊழியர் சேமலாப நிதியில், ஆடைத் தொழிற்சாலைப் பெண்ணும் தோட்டத் தொழிலாளியும் மாதாமாதம் சேர்த்த ஓய்வுக்காலப் பணத்தில், வருங்கால வட்டி குறைக்கப்பட்டது. 8 சதவீதம் இருந்த மதிப்புக் கூட்டு வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரியில் 18 சதவீதமானது. மின்கட்டணம் 2022 ஆகஸ்டில் 75 சதவீதம், 2023 பிப்ரவரியில் மறுபடி 66 சதவீதம் உயர்ந்தது. உலக வங்கியின் கணக்குப்படி 2021-இல் 13 சதவீதமாக இருந்த வறுமை மறு ஆண்டே 25 சதவீதமானது.

தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் மலையகத் தமிழரின் கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் நாளுக்கு 1,000 ரூபாய் என்று அரசிதழில் வந்தது. அன்று டாலர் சுமார் 200 ரூபாய், ஆக ஒரு நாள் கூலி 5 டாலர். 2022 மே மாதம் டாலர் 360 ரூபாய். அதே 1,000 ரூபாய் 3 டாலருக்கும் கீழே. அந்த ஆண்டு செப்டம்பரில் விலைவாசி ஏற்றம் 70 சதவீதம். கொழுந்து பறிக்கும் பெண் எந்தப் பத்திரத்திலும் கையெழுத்திடவில்லை. நாட்டுக்கு டாலர் கொண்டுவருகிறவரே அவர்தான். கடன் அடைக்கும் பொறுப்பில் பெரும்பங்கு, அவர் கூலியைச் சத்தமில்லாமல் பாதியாக்கி, அவரிடமே வசூலிக்கப்பட்டது.

பத்திரக்காரர்களுடனான ஒப்பந்தம் 2024 டிசம்பரில்தான் முடிந்தது. திவால் அறிவித்து இரண்டரை ஆண்டுக்குமேல். அசலில் 27 சதவீதம் கழிவு. ஆனால் நாட்டின் பொருளாதாரம் எதிர்பார்த்ததைவிட நன்றாக வளர்ந்தால் கழிவு குறையும், அவர்களுக்குத் தரவேண்டியது கூடும் என்று பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். 2022-இல் இந்தப் பத்திரங்கள் சந்தையில் முகமதிப்பில் பாதிக்கும் கீழே விற்றுக்கொண்டிருந்தன. அப்போது வாங்கியவர்களுக்கு இந்தக் ‘கழிவு’க்குப் பிறகும் லாபம்தான். இதை மன்னிப்பு என்றோ தள்ளுபடி என்றோ சொல்வது தமிழுக்கு நாம் செய்யும் துரோகம்.

இதற்கெல்லாம் அடிப்படைக் காரணம், நாடுகளுக்குத் திவால் நீதிமன்றம் இல்லை. 1906 அக்டோபரில் மதராஸில் அர்பத்நாட் கம்பெனி விழுந்தபோது மயிலாப்பூர் குடும்பங்கள் பலவற்றின் வாழ்நாள் சேமிப்பு அதோடு போனது. ஆனாலும் வழக்கு உயர்நீதிமன்றத்துக்கு வந்தது. இருப்பது என்ன, பாக்கி யார் யாருக்கு எவ்வளவு என்று பொதுவில் கணக்கெடுக்கப்பட்டது. அர்பத்நாட் சிறைக்குப் போனார். கடன் கொடுத்து ஏமாந்தவர்களுக்காக வாதாடிய மயிலாப்பூர் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்நின்று 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. ஒரு கம்பெனிக்கு 120 ஆண்டுகளுக்கு முன்னே இந்த ஊரில் கிடைத்த அந்த ஏற்பாடு இன்றுவரை எந்த ஏழை நாட்டுக்கும் இல்லை. ஐ.எம்.எஃப்.-இன் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஆன் க்ரூகர் 2001-இல் அப்படி ஒன்றை முன்மொழிந்தார். அமெரிக்க அரசும் சந்தைக்காரர்களும் சேர்ந்து அதை முடித்துவிட்டார்கள். ஆகவே இலங்கை மீதான வழக்கு நியூயார்க்குக்குப் போனது. 25 கோடி டாலர் பத்திரத்தை வைத்திருந்த ஹாமில்டன் ரிசர்வ் வங்கி, 2022 ஜூனிலேயே, கொழும்பில் மக்கள் தெருவில் நின்றுகொண்டிருந்த அந்த நாட்களில், முழுப் பணமும் வட்டியும் கேட்டு அங்கே வழக்குப் போட்டது.

“தள்ளிவிட்டால் யாரும் கட்டமாட்டார்கள்” என்ற வாதத்துக்கு வரலாறு சொல்லும் பதில் 1953-இல் இருக்கிறது. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகு மேற்கு ஜெர்மனி கடனில் கிடந்தது. எந்த நாட்டையாவது ‘நீயே தேடிக்கொண்டது’ என்று சொல்லலாம் என்றால் அது ஜெர்மனிதான். அந்த ஆண்டு பிப்ரவரி 27 அன்று லண்டனில் கடன் கொடுத்த நாடுகள் கூடி, பாக்கியில் ஏறக்குறைய பாதியைத் தள்ளின. மீதிக்கு வட்டியைக் குறைத்து, ஏற்றுமதி செய்து ஈட்டக்கூடியதிலிருந்து கட்டமுடிகிற அளவுக்குத் தவணையை நீட்டின. ஜெர்மனி கட்டியது. இரு ஜெர்மனிகளும் இணையும்வரை தள்ளிவைக்கப்பட்டிருந்த வட்டியின் கடைசித் தவணையை 2010 அக்டோபரில் கட்டி முடித்தது. ஒழுக்கம் கெடவில்லை, உலகின் பெரிய ஏற்றுமதி நாடானது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளின் பட்டியலில் கிரீஸ் இருக்கிறது, பாகிஸ்தான் இருக்கிறது. சிலோனும் இருக்கிறது. சுதந்திரம் பெற்று ஐந்தே ஆண்டான அந்தச் சின்னத் தீவும் ஜெர்மனிக்குச் சலுகை தந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பாக நின்றது.

மறுபக்கத்திலிருந்து ஜாம்பியாவைக் காட்டுவார்கள், காட்டட்டும். 2005, 2006-இல் பெரும் தள்ளுபடி பெற்ற நாடு, 2020 நவம்பரில் மறுபடி திவாலானது. ஆக தள்ளுபடி வீண் என்பது அவர்கள் முடிவு. ஆனால் நடுவில் என்ன நடந்தது? 2006-இல் கிராமப்புற மருத்துவமனைகளில் கட்டணத்தை ஜாம்பியா எடுத்தது. தள்ளுபடிக்கு முன் அதற்கு வழியில்லை. 2012-இல் 75 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டபோது, வாங்க வந்தவர்கள் கேட்ட தொகை அதைப்போல் பல மடங்கு. பணக்கார நாடுகளில் வட்டி ஏறக்குறைய பூஜ்யமாக இருந்த காலம் அது. கூடுதல் வட்டிக்காக ஆப்பிரிக்க அரசுகளின் வாசலில் தண்டல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பிறகு செம்பு விலை விழுந்தது. ஜாம்பியா ஆட்சியாளர்களின் தவறும் இருக்கிறது. ஆனால் கொடுத்தவர்களின் பழக்கத்தை எதுவும் மாற்றாமல் பழைய பாக்கியை மட்டும் அழித்தால் புதிய பாக்கி முளைக்கத்தான் செய்யும். தள்ளுபடிக்கு எதிரான வாதம் இதில் எங்கே இருக்கிறது?

இன்னொரு பெருமிதம் நமக்கு உண்டு: 1991-இல் இந்தியா தங்கத்தை அடகு வைத்தாவது மானத்தைக் காத்தது, அவர்களால் ஏன் முடியவில்லை? மேயில் 20 டன், ஜூலையில் இங்கிலாந்து வங்கிக்கு 47 டன் போனது உண்மை. அதற்கு முன்னே 1968-இலிருந்து சில ஆண்டுகள் இந்தியாவே கடன் நிவாரணம் பெற்றிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உதவி கொடுத்த நாடுகளின் கூட்டமைப்பு தவணைகளைத் தள்ளிவைத்து நமக்கு மூச்சுவிட இடம் தந்தது. நாமும் 2003-இல் ஏழு ஏழை நாடுகளின் கடனைத் தள்ளுபடி செய்தோம். நாம் வாங்கியும் இருக்கிறோம், கொடுத்தும் இருக்கிறோம். யார் ஒழுக்கமும் கெட்டுவிடவில்லை.

கடனே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி அலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தையும் அடித்தது, முல்லைத்தீவையும் அம்பாறையையும் அடித்தது. தமிழ்நாட்டில் சுமார் 8,000 பேர், இலங்கையில் 30,000-க்கும் மேல் இறந்தார்கள். மறு ஆண்டு உலக வங்கி தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் 46.5 கோடி டாலர் கடன் தந்தது. முதல் பத்தாண்டு அசல் கிடையாது, வட்டி என்று இல்லாமல் ஒரு சதவீதத்துக்கும் குறைவான சேவைக் கட்டணம், திருப்பிக் கட்ட முப்பது ஆண்டுக்குமேல் காலம். கரையோரத்தில் வீடுகள் எழுந்தன. சென்னைக் கலங்கரை விளக்கத்தடியில் பூமிக்குள் போகும் மெட்ரோவுக்கும் இப்படி நீண்ட காலக் கடன்தான். அதே அலைக்குப் பிறகு இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளின் கூட்டமைப்பான பாரிஸ் கிளப் தந்தது, 2005 முடியும்வரை தவணை வேண்டாம் என்ற ஒத்திவைப்பு மட்டுமே; ஒத்திவைத்ததற்கு வட்டியும் ஏறியது. ‘நடுத்தர வருமான நாடு’ என்ற தகுதி கிடைத்துவிட்டதால் மலிவான கடன்களும் அதற்குச் சுருங்கிக்கொண்டே வந்தன. இரண்டே ஆண்டில் 8.25 சதவீதச் சந்தைக்குப் போய் நின்றது. ஒரே அலைதான். நமக்கு ஒரு விதக் கடன், அவர்களுக்கு வேறு விதம்.

டிட்வாவுக்குப் பிறகு இந்தியா இலங்கைக்கு 45 கோடி டாலர் தொகுப்பு அறிவித்திருக்கிறது. அதில் 10 கோடி நன்கொடை, 35 கோடி சலுகைக் கடன். புயலில் வீடிழந்தவருக்கு மேலும் கடன். ஐ.எம்.எஃப். கொடுத்த அவசர நிதியும் கடன்தான். 2028-இல் கடன் கொடுத்த நாடுகளுக்கான அசல் தவணைகள் மறுபடி தொடங்குகின்றன.

இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளின் குழுவுக்கு ஜப்பானோடும் பிரான்ஸோடும் சேர்ந்து தலைமை வகித்தது இந்தியா. 2024 ஜூனில் 580 கோடி டாலருக்கான ஒப்பந்தம் அந்தக் குழுவில்தான் முடிந்தது. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத விவகாரம் என்று யாரும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கச்சத்தீவைப் பற்றிக் கேட்கிறார்கள், மீனவர் கைதைப் பற்றிக் கேட்கிறார்கள், கேட்கவேண்டியதுதான். அதோடு இதையும் கேட்கட்டும்: அந்த 35 கோடி டாலரை நன்கொடையாக மாற்றுங்கள், மறுசீரமைப்பு முடியும்வரை இந்தியாவுக்கு வரவேண்டிய தவணைகளை வட்டியில்லாமல் நிறுத்துங்கள், மற்ற நாடுகளையும் பத்திரக்காரர்களையும் அதே மேசைக்கு மறுபடி கூப்பிடுங்கள். 2022-இல் அரிசிக் கப்பலுக்குக் காசு கொடுத்தவர்கள் நாம். இந்த முறை உங்கள் தொகுதி உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.